மையைத் துடைத்த பிறகு

என் வேலை என்ன என்பதை அக்கா ஒரே வரியில் சொல்லிவிடுவாள். "கண்ணைப் பாத்து காதைக் கண்டுபிடிக்கிறவன்." வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் நான் டாக்டரா என்று கேட்டால், "டாக்டரும் இல்ல, கம்பவுண்டரும் இல்ல, நடுவுல என்னமோ" என்பாள். நான் முறைப்பேன். ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் கிடையாது. பெங்களூரில் காது மூக்கு தொண்டைக்கான ஒரு மருத்துவமனையில், கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், தலைசுற்றல் என்று வருகிறவர்களின் கண்களைப் பல வருஷங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தலைசுற்றல் என்றால் நம் ஆட்களுக்கு முதலில் பித்தம். எலுமிச்சம்பழம் பிழிந்து குடிப்பார்கள். பிறகு பி.பி., பிறகு சுகர், பிறகு யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பூசணிக்காய். எல்லாம் முடிந்து அலுத்துப்போன பிறகுதான் எங்கள் அறைக்கு வருவார்கள். வந்தவரைப் படுக்கையில் உட்காரவைத்து, முகத்தோடு ஒட்டிக்கொள்ளும் பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டுவோம். அதன் மூடியைப் போட்டுவிட்டால் உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டிலும் பார்க்கிற கேமரா அதற்குள் இருக்கிறது. போட்டுக்கொண்டவருக்கு ஒன்றுமே தெரியாது. எனக்கோ திரையில் அவருடைய இரண்டு கண்களும் கறுப்பு வெள்ளையில், தட்டு அகலத்துக்குத் தெரியும்.

நாம் விழாமல் நிற்பதற்கு வேண்டிய பாகம் ஒன்று காதுக்குள் இருக்கிறது. அது கெட்டுப்போனால் கண்கள் தாமாகவே ஒரு பக்கம் மெல்ல நழுவும், வெடுக்கென்று திரும்பி வரும், மறுபடி நழுவும். அந்த அசைவை கம்ப்யூட்டர் கோடாக வரைந்துகொண்டே போகும். எந்தப் பக்கம் நழுவுகிறது, எப்போது கூடுகிறது என்று பார்த்தால் எந்தக் காது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். காது என்றால் பெரிய கவலை கிடையாது. சரி செய்துவிடலாம், அல்லது பழகிவிடும். மூளையில் கோளாறு இருந்தாலும் கண்கள் இப்படி ஆடும், அதுதான் பயம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. கண்ணாடிக்குள் அந்த விளக்கைப் போட்டு, "இதையே பாருங்க" என்போம். காதுக் கோளாறாக இருந்தால், பிடித்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்ததும் கண்கள் அநேகமாக அடங்கிவிடும். விளக்கைப் பார்த்தும் அடங்கவில்லை என்றால் மூளையை ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். இவ்வளவுதான் என் வித்தை. அந்த விளக்கைப் போடும்போது மட்டும் இன்றைக்கும் எனக்குள் ஏதோ ஒன்று மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் அறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. திரையில் தெரிவதை நாங்கள் நோயாளியிடம் சொல்லக் கூடாது. அது மேலே உட்கார்ந்திருக்கும் டாக்டரம்மாவின் வேலை. ஆனால் கண்ணாடியைக் கழற்றியதும் எல்லோரும் கேட்பார்கள், "என்ன சார் தெரியுது?" அதற்கு ஒரே பதில், "டாக்டர் சொல்வாங்க." எனக்கு வாய் சும்மா இருக்காது. நல்ல செய்தியாக இருந்தால் என்னால் அடக்கிக்கொள்ள முடியாது. "ஒண்ணும் இல்லம்மா, காதுதான். போய் நிம்மதியா காபி குடிங்க" என்று சொல்லிவிடுவேன். டாக்டரம்மா பலமுறை திட்டியிருக்கிறார். ராத்திரி சாப்பிடும்போது இதை வீட்டில் ஜம்பமாகச் சொல்வேன். அக்கா, "அப்ப நீ டாக்டர் சொல்வாங்கன்னா ஆளு காலின்னு அர்த்தமா?" என்பாள். நான் சிரித்துக்கொண்டே ரசத்தை ஊற்றிக்கொள்வேன்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேண்டாம் என்றாள், நாங்களும் சில வருஷம் சண்டை போட்டுவிட்டு விட்டுவிட்டோம். ஆஸ்டின் டவுனில் என்னோடும் என் மனைவியோடும்தான் இருந்தாள். அப்பாவைப் போலவே அரசாங்க உத்தியோகம். வீட்டில் தமிழில் திட்டுவாள், ஆபீசில் அழகான கன்னடத்தில் ஃபைல் எழுதுவாள். தினமும் ஸ்கூட்டரில்தான் போவாள். மெட்ரோ வந்தாலும், மழை வந்தாலும் ஸ்கூட்டர்தான். நானோ என் மனைவியோ கூட்டிக்கொண்டு போகிறோம் என்றால் அவளுக்குக் கோபம் வரும். யார் பின்னாலும் உட்கார்ந்து போவது அவளுக்கு ஆகாது.

இன்னொன்று, கண் மை. மை போடாமல் அக்கா கேட்டைத் தாண்டிப் போனதில்லை. கொஞ்சமாகப் போடுவதும் கிடையாது, அடர்த்தியாக, கீழ் இமையோடு ஒட்டி ஒரு கோடு. நான் சின்னப் பையனாக இருந்தபோது எனக்கும் போட்டுவிடுவாள். தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மேல பாரு, அசையாத" என்பாள். நான் அசைவேன். மை கன்னத்தில் வழியும். தலையில் ஒரு குட்டு விழும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் கேலி செய்த பிறகுதான் அதிலிருந்து தப்பித்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து, "படி குதிக்குதுடா" என்றாள். மாடிப்படி இறங்கும்போது படிகள் மேலும் கீழும் ஆடுகின்றனவாம். ஃபைல் படித்தால் வரிகள் நிற்பதில்லையாம். "வயசாகுதுக்கா, கண்ணாடியை மாத்து" என்றேன். மாற்றினாள். அப்படியும் குதித்தது. பிறகு நடக்கும்போது கால் லேசாக அகன்று விழ ஆரம்பித்தது. என் மனைவிதான் முதலில் கவனித்தாள். "இத்தனை பேர் கண்ணைப் பாக்கறீங்க, அக்காவைக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க" என்றாள். நான் அக்காவிடம், "காதுக்குள்ள பொடிப்பொடியா கல்லு இருக்கும், அது நகர்ந்திருக்கும், தலையை ரெண்டு தடவை திருப்பினா பழைய இடத்துல போய் உக்காந்துடும்" என்றேன். அப்படி எத்தனையோ பேருக்குச் சரியாகியிருக்கிறது. அவளுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன், விரும்பியதையே நம்பினேன்.

அவளுக்கு ஒரே கவலைதான். "ஸ்கூட்டர் ஓட்டலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லு." அந்த வாரம் முழுக்க அதையே கேட்டாள். "டெஸ்ட் முடியட்டும்" என்றேன். சொந்தக்காரர்களை நாங்களே பரிசோதிப்பது வழக்கமில்லை. என் அறையில் கூட வேலை பார்க்கும் கன்னடப் பெண் தான் செய்வதாகச் சொன்னாள். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "இவன்தான் பாக்கணும். இவன் மூஞ்சியைப் பாத்தா எனக்கு எல்லாம் தெரிஞ்சிடும்" என்றாள்.

அது டிசம்பர் மாதம். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாளும் அவள் போட்டுக்கொண்டிருந்த தலைசுற்றல் மாத்திரையைப் போடக் கூடாது, கண்ணில் மை இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மாத்திரையை நிறுத்திவிட்டாள், அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மையைத் துடைத்துவிட்டதாகச் சொன்னாள். சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறாள். அவள் வாங்குவது தண்ணீர் பட்டாலும் போகாத ரகம். இமையின் ஓரத்தில் அது அப்படியே இருந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் கண்ணில் மை இருப்பது எனக்குப் பார்த்துப் பழகிப்போன விஷயம்.

கண்ணாடியை மாட்டித் திரையைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கண்ணின் கறுப்பு வட்டத்தைத் தேடிப் பிடித்து அதன்மேல் ஒரு கூட்டல் குறியை வைத்துக்கொள்ளும். கண் எங்கே போனாலும் குறியும் கூடவே போகும். மை போட்ட கண்ணில் அது குழம்பிவிடும். எங்கேயெல்லாம் கறுப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் தாவும். அக்காவின் கண்ணில் அந்தக் குறி கீழ் இமைக்கும் நடுக் கண்ணுக்குமாகக் குதித்தது. கோடு கீழ்நோக்கி வெட்டி வெட்டி விழுந்தது.

"காடிகே இன்னூ இதெ சார்" என்றாள் கன்னடப் பெண். மை இன்னும் இருக்கிறதாம். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. "அக்கா, உன் மைதான் இங்க கூத்தடிக்குது" என்றேன். "நல்ல மிஷினு. மையையும் கண்ணையும் பிரிச்சுப் பாக்கத் தெரியல, என் காதைக் கண்டுபிடிக்கப் போகுதாம்" என்றாள் அக்கா, கண்ணாடிக்குள் இருந்தபடியே. மூன்று பேரும் சிரித்தோம்.

மை போட்டு வருகிற பெண்களுக்காக எங்கள் அலமாரியில் பஞ்சும் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயும் எப்போதும் இருக்கும். டிசம்பர் குளிரில் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினேன். கொஞ்சம் உருகியதும் பஞ்சில் தொட்டு, அக்காவின் இமைகளை நானே துடைத்தேன். பஞ்சு கறுத்துக்கொண்டே வந்தது. மை போனதும் அவள் கண்கள் சின்னதாக, வயதானவையாகத் தெரிந்தன. அவளை மையில்லாமல் நான் அவ்வளவு அருகில் பார்த்ததே இல்லை.

"இப்ப எப்படி இருக்கேன்?" என்றாள்.

"சகிக்கல."

"போடா."

மறுபடி கண்ணாடியை மாட்டினேன். குறி இப்போது ஒழுங்காகக் கறுப்பு வட்டத்தின்மேல் உட்கார்ந்தது. ஆனால் கோடு விழுவது நிற்கவில்லை. கண் மெல்ல மேலே நழுவியது, வெடுக்கென்று கீழே விழுந்தது. மறுபடி மேலே, மறுபடி கீழே. இதுவரை நான் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கண்ணைப் பார்த்தேன். குதித்தது மை மட்டும் இல்லை. மைக்குப் பின்னால் அவள் கண்ணும் குதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வலது பக்கம் பார்க்கச் சொன்னேன். கூடியது. இடது பக்கம் பார்க்கச் சொன்னேன். அங்கும் கூடியது. காதுக் கோளாறில் கண்கள் இப்படிக் கீழ்நோக்கி அடிப்பதை நான் பார்த்ததில்லை. இன்னும் விளக்கு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். பொத்தானின்மேல் விரலை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். கன்னடப் பெண் என்னைப் பார்த்தாள். விளக்கைப் போட்டேன்.

"இந்த லைட்டையே பாருக்கா."

"பாக்கறேன். இது ஏண்டா ஆடுது?"

விளக்கு ஆடவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், கண்கள் அடித்துக்கொண்டே இருந்தன. நான் அதை அணைத்தேன், மறுபடி போட்டேன். அடங்கு, அடங்கித் தொலை என்று மனதுக்குள் அந்தக் கண்களைத் திட்டினேன். அவை அடங்கவில்லை.

அதோடு முடித்துவிடவும் முடியாது. காதில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் விட்டுப் பார்க்கும் பகுதி பாக்கி இருந்தது. அந்த நேரத்தில் நோயாளியின் மனம் தூங்கக் கூடாது, தூங்கினால் கண் அசைவு மட்டுப்பட்டுக் கணக்குத் தப்பிவிடும். அதனால் எதையாவது கேட்டுப் பேசவைத்துக்கொண்டே இருப்போம். காய்கறிப் பெயர், பேரப்பிள்ளைகளின் பெயர், ஒவ்வொருவருக்கும் ஒன்று. நீரை விட்டுவிட்டு, வாயில் வந்ததைக் கேட்டேன்.

"வீட்டுலேருந்து ஆபீஸ் வரைக்கும் வழியில என்னென்ன வருது, வரிசையா சொல்லுக்கா."

வேறு எதையாவது கேட்டிருக்கலாம். அக்கா உற்சாகமாக ஆரம்பித்தாள்.

"கேட்டைத் தொறந்ததும் இஸ்திரி வண்டி. அவன் வண்டி நடு ரோட்டுல நிக்கும், ஹார்ன் அடிக்கணும். அப்புறம் ஃபுட்பால் கிரவுண்டு. அப்புறம் பேக்கரி, வாசனை வரும். அப்புறம் ஒரு ஸ்பீடு பிரேக்கர், பெயின்ட் அடிக்காம வுட்டுருக்கானுங்க, புதுசா வரவன் விழுவான், நான் விழ மாட்டேன். அப்புறம் ரிச்மண்ட் ரோடு சிக்னல். அங்க ஆட்டோக்காரனுங்க ஸ்வல்ப தள்ளிக்கம்மான்னு இடிப்பானுங்க. அப்புறம் பாலம். பாலத்து மேல ஏறினா காத்து நல்லா வரும்டா. அப்புறம் கப்பன் பார்க் ஓரமா, மரம் மரமா, அங்க மட்டும் மெதுவா போவேன்..."

நான் "ம்" போட்டுக்கொண்டே இருந்தேன். இனி இந்த வழியில் அவள் வண்டி ஓட்டிப் போகப்போவதில்லை என்று அந்த அறையில் எனக்குத் தெரிந்திருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. ஆபீஸ் வாசல் வந்தது. வண்டியை எந்த மரத்தடியில் நிறுத்துவாள் என்பதையும் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"வந்து சேந்துட்டேன். என்னடா தெரியுது?"

காதுதான் அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். எத்தனையோ முன்பின் தெரியாதவர்களுக்குச் சொன்ன வார்த்தை. என் சொந்த அக்காவுக்குச் சொல்ல வரவில்லை. பொய்யாகவாவது சொல்லலாம் என்றால், என் குரலை அவள் அறிவாள்.

"டாக்டர் சொல்வாங்கக்கா" என்றேன்.

நான் சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. "சரி" என்றாள் அக்கா. திரையில் அவள் கண்களில் நீர் ஏறியது. குறி வட்டத்தைத் தவறவிட்டு அங்கும் இங்கும் அலைந்தது. இருட்டுக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருப்பாள். கேமரா இருப்பதை அந்த நேரத்தில் மறந்திருப்பாள். எனக்கு அவள் அழுவது தட்டு அகலத்துக்குத் தெரிந்தது. நான் திரையை அணைத்துவிட்டு, அவளாகக் கூப்பிடும் வரை கண்ணாடியைக் கழற்றாமல் பக்கத்தில் நின்றேன்.

ஸ்கேன் பார்த்த பிறகு டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். சிறுமூளை தேய்ந்துகொண்டு வருகிறது. வேகத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ மருந்து இல்லை. நடை போகும், பிறகு பேச்சு குழறும், விழுங்குவது கஷ்டமாகும். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஸ்கூட்டர்?" என்றாள். டாக்டரம்மா கூடாது என்று தலையை ஆட்டினார். வரும்போது ஆட்டோவில் அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். அவள் அப்படி யார் மேலும் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

அவள் இப்போது இல்லை. டாக்டரம்மா சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்தன, கடைசியில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தாள். அதை நான் எழுதப்போவதில்லை. அதற்கெல்லாம் முன்னால், ஒரு காலை வேளையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பரிசோதனை நடந்த சில மாதங்களில் அவள் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டாள். ஆபீசில் பிரிவுபசாரம் வைத்தார்கள். அன்று காலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். கையில் மைக்குச்சி. அந்த டிசம்பருக்குப் பிறகு அவள் மை போடவே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் முகம் குதிக்கும், கையும் நடுங்கும். என் மனைவி போட்டுவிடுகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டும் வேண்டாம் என்றிருந்தாள்.

"நீ போடு. கண்ணு உன் டிபார்ட்மென்ட்தான?" என்றாள்.

"எனக்கு எங்கக்கா தெரியும்?"

"உனக்கு நான் எத்தனை தடவை போட்டிருப்பேன். அது மாதிரிதான்."

தாடையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கண்கள் நேராகப் பார்க்கும்போது முன்பைவிட அதிகமாக அடித்துக்கொண்டிருந்தன. குச்சியை எப்படிக் கொண்டுபோவது என்று பயமாக இருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் இன்னும் கூடும், கீழே பார்த்தால் சொல்லவே வேண்டாம். ஆனால் மேலே பார்த்தால் கொஞ்சம் குறையும். திரையில் விழுந்த அவள் கோடுகளை மனப்பாடமாக அறிந்தவன் நான், அதனால் அது எனக்குத் தெரியும்.

"மேல பாருக்கா" என்றேன்.

பார்த்தாள். ஏறக்குறைய அடங்கியது. அந்த அவகாசத்தில் கீழ் இமையோடு ஒட்டி இழுத்தேன். பாதியில் கண் ஒரு தடவை விழுந்தது, மை விலகிப்போனது. துடைத்துவிட்டு மறுபடி போடலாமா என்று யோசித்தேன். அவளுக்குக் கழுத்து வலிக்க ஆரம்பித்திருந்தது.

"நேரா இருக்கா?"

"நேரா இருக்கு."

"டாக்டர் சொல்வாங்கன்னு சொல்லலியே. அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

கோடு கோணலாகத்தான் இருந்தது. அக்கா முகத்தைத் திருப்பி மற்றக் கண்ணைக் காட்டினாள். நான் சொல்லாமலேயே மேலே பார்த்தாள்.